நூலகத்தில் கவிஞர் உரை: இரண்டு மணித்தியாலத்தில் இரண்டு கவிதைகள்

எழுவான்கரையான் எழுதியது:

ஒக்டோபர் வாசிப்பு மாதத்தை ஒட்டி, மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் இடைப்பட்ட ஊர் ஒன்றின் பொது நூலகத்தில் சென்ற சனிக்கிழமை ஒரு கவிஞரின் உரை நடைபெற்றது. ஊரின் பெயரையும் கவிஞரின் பெயரையும் தவிர்த்தே எழுதுகிறேன். என்னுடைய குறை நிகழ்ச்சி அமைக்கப்பட்ட விதத்தைப் பற்றியது. அதே அமைப்பை இந்தக் கரையோரத்தில் வேறு பல நூலகங்களிலும் கண்டிருக்கிறேன்.

அழைப்பிதழில் மூன்று மணி என்று போட்டிருந்தார்கள். மங்கல விளக்கேற்றல், மௌன இறைவணக்கம், தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, இரண்டு வாழ்த்துரைகள், பின்னர் கவிஞரை அறிமுகம் செய்யும் உரை. அறிமுகம் செய்தவர் கவிஞரின் பாடசாலைக் காலத்திலிருந்து தொடங்கி, பெற்ற பரிசுகளை ஒன்றும் விடாமல் சொன்னாரே தவிர, ஒரு வரியைக்கூடச் சொல்லிக் காட்டவில்லை. கவிஞர் எழுந்தபோது நாலே முக்கால். ஐந்து பத்துக்கு நன்றியுரை தொடங்கிவிட்டது. கிடைத்த இருபத்தைந்து நிமிடத்திலும் பெரும்பகுதியைத் தம் கவிதைகளை விளக்குவதற்கே அவர் செலவிட்டார். எந்தச் சூழலில் எழுதினேன், இந்தச் சொல்லை ஏன் இட்டேன், இந்தப் படிமத்தின் உட்பொருள் என்ன என்றெல்லாம் சொன்னார். வாசித்தவை இரண்டே கவிதைகள். இரண்டும் சேர்ந்து நாலு நிமிடம் வந்திருக்கும்.

அந்த இரண்டில் ஒன்று, சூடு மிதிக்கும் இரவில் களத்துக்குச் சோறு கொண்டுபோகும் தாயைப் பற்றியது. அரிக்கன் விளக்கை அவள் பாவாடையோடு சேர்த்து அணைத்துப் பிடிப்பதால் வெளிச்சம் முன்னே விழாமல் காலடியில் மட்டும் வட்டமாக விழுகிறது என்று அதில் ஓர் இடம் வருகிறது. அதைக் கேட்டவுடன் எனக்கு என் பெரியம்மாவின் நடை கண்ணில் வந்துவிட்டது. ஆனால் அடுத்த நிமிடமே கவிஞர், "இங்கே விளக்கு என்பது பெண்ணின் சிறைப்பட்ட அறிவைக் குறிக்கிறது" என்று விளக்கினார். பெரியம்மா மறைந்துவிட்டார்.

கண்ணகி அம்மன் சடங்கு வந்தால் வைகாசியில் இரவிரவாகக் காவியம் கேட்டு வளர்ந்த மாவட்டம் இது. காதால் கவிதை கேட்கத் தெரிந்த மக்களை அழைத்து வைத்துக்கொண்டு, கவிதையைக் கொடுக்காமல் அதன் உரையை மட்டும் கொடுப்பது சரிதானா என்பதே என் கேள்வி. கவிஞர் நூலகத்துக்கு வந்தால் வாசிக்க வேண்டும். விளக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?


தமிழாசிரியை எழுதியது:

அந்த நிகழ்ச்சிக்கு உயர்தர வகுப்பு மாணவிகள் இருபத்திரண்டு பேரை அழைத்து வந்தவள் நான்தான், ஐயா. ஆசனங்களை நிரப்புவதற்காகப் பாடசாலைகளிடம் பிள்ளைகளைக் கேட்கும் வழக்கம் எனக்கும் பிடிக்காது. அதைப் பற்றித் தனியே சண்டை பிடிக்கலாம். ஆனால் விளக்கம் வேண்டாம் என்ற உங்கள் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

பெரியம்மாவின் நடை உங்கள் கண்ணில் வந்ததற்குக் காரணம், களத்தில் சூடு மிதித்ததை நீங்கள் பார்த்திருப்பதுதான். என் மாணவிகள் பார்த்ததெல்லாம் அறுவடை இயந்திரம் வயலுக்குள் இறங்கி, ஒரு பக்கம் வைக்கோலும் மறுபக்கம் நெல்லுமாகத் தள்ளிவிட்டுப் போவதை. "சூடு" என்றால் அவர்களுக்கு வெப்பம், அடுக்கி வைத்த நெற்கதிர் அல்ல. "பொலி" என்ற சொல்லை அவர்கள் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்கள். "முல்லைக்காரன்" என்றவுடன் ஐந்திணையில் வரும் முல்லை நிலத்து மனிதன் என்று ஒரு பிள்ளை கொப்பியில் எழுதி வைத்திருந்தாள். போடியாரின், அதாவது நிலச்சொந்தக்காரரின், வயலைப் பார்த்துக்கொள்பவன் என்று கவிஞர் சொன்ன பிறகே வெட்டித் திருத்தினாள். களத்தில் நெல்லைப் பொலி என்று ஏன் சொன்னார்கள், அங்கே வாய்க்கு வந்த சொல்லையெல்லாம் பேசக்கூடாது என்று பெரியவர்கள் எப்படிக் கட்டுப்பாடாக இருந்தார்கள் என்று அவர் சொன்ன ஆறேழு நிமிடங்கள்தான், என் பார்வையில், அன்றைய நிகழ்ச்சியின் உயிரான பகுதி.

விளக்கைப் பற்றி அவர் சொன்னது தேவையற்றது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். சொல்லுக்குப் பொருள் சொல்வது ஒன்று, கவிதைக்குப் பொருள் சொல்வது வேறொன்று. முன்னையதைச் செய்யாவிட்டால் பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள். பின்னையதைச் செய்தால் எல்லோரும் வெளியே போய்விடுகிறோம்.


பத்திரிகைப் பக்கம் எழுதியது:

வெளியே நிற்பதைப் பற்றிப் பேசுகிறீர்கள். அன்று உண்மையாகவே வெளியே நின்றவர்களில் நான் ஒருவன்.

ஓய்வு பெற்ற பிறகு கடந்த ஒன்பது வருடங்களாக நான் நாள்தோறும் அந்த நூலகத்தின் வாசிப்புப் பகுதிக்குப் போகிறேன். என்னைப் போல் ஏழெட்டுப் பேர் உண்டு. எந்தப் பத்திரிகையை யார் முதலில் எடுப்பார் என்பதுகூட எங்களுக்குள் எழுதாத ஒழுங்கு. அன்று இரண்டு மணிக்கே மேசைகளை ஓரமாகத் தள்ளி, பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கத் தொடங்கினார்கள். "ஐயாமார் இன்றைக்கு வெளியில இருங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். நூலகத்தின் விழாவுக்காக நூலகத்தின் வாசகர்கள் எழுப்பப்பட்டோம் என்பதை அங்கே யாரும் வேடிக்கையாக உணர்ந்ததாகத் தெரியவில்லை. உள்ளே வந்து உட்காரும்படியும் எவரும் கூறவில்லை. நாங்கள் சைக்கிள்கள் நிறுத்தும் பக்கத்துச் சன்னலோரம் நின்று முழுவதையும் கேட்டோம்.

சன்னலுக்கு வெளியே நின்று கேட்டதால் ஒன்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கவிஞர் பேசும்போது ஒவ்வொரு சொல்லும் கேட்டது. வாசித்தபோது மட்டும் ஒவ்வொரு அடியின் கடைசிச் சொல்லும் கேட்கவில்லை. தாளைப் பார்த்துக் குனிந்து, அடி முடியும் இடத்தில் குரலை விழுங்கினார். எங்கள் ஊர்க் கோயிலில் காவிய ஏடு படித்தவர் எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே இழுத்து நிறுத்துவார். தூக்கத்தில் இருப்பவனுக்கும் அடி முடிந்தது தெரியும். இந்தக் கவிஞருடைய கவிதை நல்ல கவிதையாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் முக்கால்வாசி கேட்டே எனக்குப் பிடித்துவிட்டது. மீதிக் கால்வாசியை அறிய நூலை வாசிக்கலாம் என்று செவ்வாய்க்கிழமை இரவல் பகுதிக்குப் போனேன். இல்லை. உசாத்துணைப் பகுதியில் பூட்டிய கண்ணாடி அலுமாரிக்குள் ஒரு பிரதி இருந்தது. வெளியே கொண்டுபோக முடியாதாம். விழாவன்று வாசலில் விற்ற பிரதிகளோ அன்றே முடிந்துவிட்டன.

இன்னொரு பழைய வழக்கத்தையும் நினைவுபடுத்துகிறேன். புராணம் படிக்கும்போது ஒருவர் படிப்பார், மற்றொருவர் பயன் சொல்வார். இரண்டு பேருக்கும் இரண்டு வேலை. படிப்பவர் பொருளைத் தொடமாட்டார், பயன் சொல்பவர் பாட்டைத் தொடமாட்டார். வாசிப்பதா விளக்குவதா என்று நீங்கள் இருவரும் முரண்படுவதைப் பார்த்தால், நம் முன்னோர் இந்தச் சிக்கலை வேலையைப் பிரித்தே தீர்த்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. இரண்டையும் ஒரே மனிதரின் தலையில் கட்டி, அதற்கும் இருபத்தைந்து நிமிடம் கொடுத்தது யார் பிழை?


கடலோரத்தாள் எழுதியது:

கல்முனைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பயன் சொல்லும் வழக்கத்தைப் பற்றிப் பத்திரிகைப் பக்கம் காக்கா சொன்னது அழகான யோசனைதான். ஆனால் அதில் ஒரு சிறு தடையைக் காண்கிறேன். புராணத்தின் கதை கேட்பவருக்கு முன்பே தெரியும். பயன் சொல்பவர் தெரிந்த பாதையில் விளக்குப் பிடிக்கிறார். புதிய கவிதையில் அப்படியான பாதை இல்லை. எம். ஏ. நுஃமான் 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்ட வேளையில் எழுதிய "புத்தரின் படுகொலை"யை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலான செய்தி தெரிந்த எவருக்கும் அதற்குப் பயன் சொல்ல ஆள் வேண்டாம். தெரியாத பிள்ளைக்கு இரண்டு வசனம் போதும். அதை ஒரு பொது நூலகத்துக்குள் நின்று உரக்க வாசித்தால், சுற்றியுள்ள புத்தக இறாக்கைகளே பயன் சொல்லும். எந்த இடத்தில் எந்தக் கவிதையை வாசிப்பது என்ற தேர்வு விளக்கத்தின் பாதி வேலையைச் செய்துவிடுகிறது என்றே நினைக்கிறேன்.

குரலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் "கவி" என்றால் முதலில் நினைவுக்கு வருவது பெண்களும் வயற்காரர்களும் வாய்மொழியாகப் பாடிய நாலடிப் பாட்டு. என் உம்மம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் நூற்றுக்கு மேல் கவி தெரியும். "ஒண்டு சொல்லுங்க உம்மம்மா" என்றால் சொல்லமாட்டா. கையில் ஏதாவது வேலை இருக்க வேண்டும், பாய் இழைக்கவோ அரிசி புடைக்கவோ வேண்டும், அப்போதுதான் வரும். அவவிடம் எந்தக் கவிக்கும் பொருள் கேட்க முடியாது. கேட்டால் அதே கவியை இன்னொரு தரம், இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுவா.

நம் பகுதிக் கவிஞர்கள் இந்த ஓசையை அறியாதவர்கள் அல்லர். பெரிய நீலாவணையைச் சேர்ந்த நீலாவணனை வாசித்தவர்களுக்கு இது தெரியும். ஈழத்துக் கவிஞர் மகாகவி உருத்திரமூர்த்தியைப் போலவே அவரும் மரபு யாப்புக்குள் பேச்சோசையைக் கொண்டுவந்தவர். அவர் மறைந்தபின் 1982இல் நூலான "வேளாண்மை"யில் மட்டக்களப்பு வயல் வாழ்வும் பேச்சும் செய்யுளாகவே நடக்கின்றன. கண்ணால் வாசித்தால் இலக்கண வகுப்பு போலத் தோன்றும் அடிகள், வாய்விட்டு வாசித்தால் பக்கத்து வீட்டுப் பேச்சாகிவிடும்.

இன்னொன்று, சற்று எரிச்சலோடு: நிகழ்ச்சியை மூன்று மணிக்கு வைத்து ஐந்தரைக்கு இழுத்தால், மஃரிப் தொழுகைக்கு முன் வீடு சேர வேண்டிய பெண்கள் கவிஞர் பேசத் தொடங்கும்போதே எழுந்துவிட வேண்டியுள்ளது. வாழ்த்துரைகளை முழுவதும் கேட்டுவிட்டுக் கவிதையைக் கேளாமல் போன அனுபவம் எனக்கு இரண்டு முறை உண்டு.


மண்டூர்ப் பக்கத்தான் எழுதியது:

எல்லோரும் வாழ்த்துரையையும் பொன்னாடையையும் திட்டுகிறீர்கள். நானும் ஒரு தொகுதி வெளியிட்டவன். முந்நூறு பிரதி, அச்சுக்கூலி முழுவதும் என் கைப்பணம், அரைவாசி இன்னும் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. ஒரு நூலகத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தியபோது என் தாயார் முன்வரிசையில் இருந்தார். அவருக்கு என் கவிதை ஒன்றும் விளங்காது, ஆனால் மகன் ஏதோ மதிக்கத்தக்க வேலைதான் செய்கிறான் என்பது அன்று விளங்கியது. கவிஞனுக்கு இந்த நாட்டில் கிடைக்கும் ஊதியம் அது ஒன்றுதான். அதையும் பிடுங்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் போர்த்துங்கள் என்று வேண்டுமானால் சொல்லுங்கள்.


பழைய நூலகர் எழுதியது:

உள்ளூராட்சி சபை நூலகங்களில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். குறிப்பிட்ட நூலகம் எதுவென்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. ஆனால் பத்திரிகைப் பக்கம் ஐயா சொன்ன பூட்டிய அலுமாரி ஏன் உண்டாகிறது என்பதை விளக்கலாம், ஏனென்றால் அந்தத் திறப்பைப் பல வருடம் நானும் வைத்திருந்தேன்.

நூல் வாங்குவதற்கான பணம் சபையின் வரவு செலவுத் திட்டத்திலிருந்து வருகிறது. வாங்குவதற்கு விலைமனு வேண்டும், பற்றுச்சீட்டு வேண்டும், கணக்காய்வுக்கு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். பெரிய புத்தகசாலைகளால் இவற்றைக் கொடுக்க முடியும். தானே அச்சிட்டுத் தானே பையில் சுமந்து வரும் கவிஞரிடம் பற்றுச்சீட்டுப் புத்தகம் இராது. ஆகவே அவர் ஒரு பிரதியை அன்பளிப்பாகத் தந்துவிட்டுப் போகிறார். ஒரே பிரதி, மீண்டும் கிடைக்காத உள்ளூர் வெளியீடு; தொலைந்தால் நூலகர் பதில் சொல்ல வேண்டும். எனவே அதை உசாத்துணையில் சேர்த்துப் பூட்டிவிடுகிறோம். பாதுகாப்பு என்ற எண்ணத்தில்தான் செய்கிறோம், ஆனால் விளைவு என்னவோ அந்த நூலை எவரும் வாசிப்பதில்லை.

எங்கள் நூலகங்களில் தமிழ்க் கவிதைக்குரிய வகுப்பு எண் 894.8111. அந்த இறாக்கையின் முன்னால் நின்று பார்த்தால், தமிழகத்திலிருந்து வரும் தொகுதிகள் இரண்டு மூன்று பிரதிகளாக நிற்கும். நம் பகுதியினர் எழுதியவை பெரும்பாலும் அங்கே இரா. ஒருமுறை சண்முகம் சிவலிங்கத்தின் 1988ஆம் ஆண்டுத் தொகுதியான "நீர் வளையங்கள்" நூலைக் கேட்டு ஒரு பல்கலைக்கழக மாணவர் வந்தார். பாண்டிருப்பில் பிறந்த கவிஞரின் நூல், பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வரக்கூடிய தூரத்தில் உள்ள நூலகத்தில் இரவலுக்கு இல்லை. உள்ளேயிருந்து எடுத்து, என் மேசைக்கு முன்னால் இருந்து வாசிக்க விட்டேன். அவர் மூன்று நாள் வந்து கையால் பிரதி பண்ணினார். இப்போதானால் "நூலகம்" என்ற இணையத்தளத்தில் பல ஈழத்து நூல்களை இருந்த இடத்திலேயே வாசிக்கலாம். அந்தத் திட்டம் தொடங்கிய 2005க்கு முன்னர் இந்தத் துன்பம் மிகவும் பெரிது.

ஆகவே கவிஞரை அழைக்கும் நூலகருக்கு நான் சொல்லக்கூடியது சிறிய காரியந்தான். விழாவுக்கு ஒரு மாதம் முன்பே கவிஞரிடம் ஐந்து பிரதிகளை விலைக்குக் கேளுங்கள். பற்றுச்சீட்டை எப்படி எழுதுவது என்று நீங்களே அவருக்குச் சொல்லிக் கொடுங்கள். ஒன்று உசாத்துணைக்கு, நாலு இரவலுக்கு. கவிஞர் பேசி முடிக்கும்போது அந்த நாலும் முத்திரையிட்டு, திகதித்தாள் ஒட்டி, வாசலருகே மேசையில் இருக்க வேண்டும். அங்கத்துவ அட்டை இல்லாதவருக்கு அங்கேயே விண்ணப்பம் கொடுக்க வேண்டும். நான் பணியில் இருந்தபோது இதை ஒரேயொரு தடவைதான் செய்ய முடிந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மற்ற வேளைகளில் நானும் பொன்னாடை வாங்கவே அலைந்தேன்.

வாசகர்களை எழுப்பிவிட்டு விழா நடத்துவது பற்றி: அதற்கு மன்னிப்புத்தான் கேட்க முடியும். தனி மண்டபம் இல்லாத நூலகங்களே அதிகம். இருந்தாலும் பத்திரிகை மேசையை அப்படியே நடுவில் விட்டு, அதைச் சுற்றிக் கதிரை போட்டிருக்கலாம்.


எழுவான்கரையான் எழுதியது:

என் முதல் பதிவில் "விளக்க வேண்டியதில்லை" என்று எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். மாணவிகள் "பொலி"யை அறியமாட்டார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. என் காதை எல்லோருடைய காதாகவும் எடுத்துக்கொண்டுவிட்டேன். அதே நேரம், தமிழாசிரியை அவர்கள் சொன்ன அந்தப் பிரிவினை, சொல்லுக்குப் பொருளா கவிதைக்குப் பொருளா என்பது, மேடையில் பேசும்போது அவ்வளவு எளிதாகக் கைவராது என்றே நினைக்கிறேன். களத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிய கவிஞர் தம்மையறியாமலே விளக்குக்கும், விளக்கிலிருந்து பெண்ணின் அறிவுக்கும் வழுக்கிச் சென்றதை நாம் பார்த்தோம். முன்னால் இருப்பவர்கள் தலையாட்டினால் எவரும் வழுக்குவர். பயன் சொல்ல வேறொருவர் இருந்தால் அந்த வழுக்கல் குறையும். குறைந்தபட்சம் கவிஞர் தம் கவிதையைத் தாமே மூடும் நிலை வராது. ஓர் ஆசிரியர் முதலில் சொற்களையும் களத்தையும் பத்து நிமிடம் அறிமுகம் செய்யலாம், பிறகு கவிஞர் எழுந்து எட்டுப் பத்துக் கவிதைகளை வாசிக்கலாம். பிடித்துப்போன ஒன்றை இன்னொரு தரம் வாசிக்கும்படி சபை கேட்கலாம். உம்மம்மா செய்ததைப் போல இன்னும் கொஞ்சம் மெதுவாக.

மண்டூர்ப் பக்கத்தான் தம்பிக்கு: பொன்னாடை இருக்கட்டும். உங்கள் கட்டிலுக்குக் கீழே இருப்பதில் இரண்டு பிரதியை எனக்கு விலைக்குத் தாருங்கள், தனிமடலில் முகவரி அனுப்புகிறேன்.


தமிழாசிரியை எழுதியது:

பத்து நிமிட அறிமுகத்தை ஆசிரியரிடம் கொடுத்தால் அது நாற்பது நிமிடமாகும். எங்கள் இனத்தை எனக்குத் தெரியும். பிள்ளைகளிடம் கொடுங்கள். முல்லைக்காரனை முல்லை நிலத்தில் நிறுத்திய அந்த மாணவி, இப்போது தன் அப்பப்பாவிடம் கேட்டுக் களத்துச் சொற்களாக முப்பத்தொன்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். அவற்றில் பாதி எனக்கே தெரியாது.


பத்திரிகைப் பக்கம் எழுதியது:

பழைய நூலகர் ஐயாவின் பதிவைத் தாளில் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை இப்போதைய நூலகரிடம் போனேன். பிள்ளை நல்ல பிள்ளை. வாசித்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தது. பிறகு, கவிஞரிடம் தொலைபேசியில் பேசி மூன்று பிரதிகள் எடுப்பித்திருப்பதாக வியாழக்கிழமை சொன்னது. இன்று காலை இரவல் பகுதிக்குப் போனேன். மூன்றும் இல்லை. இரண்டைப் பாடசாலைப் பிள்ளைகள் எடுத்துப் போனார்களாம், மற்றதை யார் எடுத்தது என்று ஏட்டைப் பார்த்துச் சொன்னார்கள். சன்னலோரம் என் பக்கத்தில் நின்ற மனிதர். எனக்கு முன்னால் பத்திரிகை எடுப்பவரும் அவர்தான். இரண்டு கிழமை கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.